கன்னத்துச் சூடு

தகட்டை வட்டமாக வளைத்து முனையோடு முனை சேர்த்துக் கட்டி நிமிர்ந்தபோது துளசிமணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்தால் பிடிக்கட்டும், இன்றைக்கு இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, பொழுது சாய்வதற்குள் குஞ்சு வண்டி வந்துவிடும். மேற்குப் பக்கத்துப் படுதா உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று விடாமல் உலுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும், அதற்கு இந்தக் கோழி ஷெட்டின் படுதா எந்த மூலைக்கு. மூலையே கூடாது குஞ்சுகளுக்கு. குளிரோ பயமோ எது வந்தாலும் அவை மூலையைத் தேடித்தான் ஓடும், ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதற்காகத்தான் தகட்டை வட்டமாகக் கட்டுவது. மனுசருக்கும் யாராவது இப்படி ஒரு வட்டத் தகடு கட்டி வைத்தால் தேவலை. அவள் வீட்டு மனுசர் பங்குனியிலிருந்து மூலையில்தான் இருக்கிறார், தீவன அறை மூலையில், கயிற்றுக் கட்டிலில். கேட்டால் காவலாம். ஷெட் காலியாகக் கிடந்த மாதங்களில் என்னத்துக்குக் காவல், மஞ்சித் தூளையா யாராவது மூட்டை கட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்? அவள் கேட்கவில்லை. நாச்சிமுத்து என்ற புருசன் பெயரை மனசுக்குள் சொல்லும்போதுகூட அவளுக்கு நாக்கு கூசும், கட்டிக்கொண்டு வந்து மகனுக்கே கல்யாண வயசு வந்த பிறகும் கூசும். அந்த நாச்சிமுத்து இப்போது பல்பு வாங்க உடுமலைக்குப் போயிருக்கிறார்.

தேங்காய் நாரிலிருந்து உதிர்ந்த மஞ்சித் தூளைத் தரையில் கையால் நிரவிவிட்டு அதன்மேல் பழைய செய்தித்தாளை ஒவ்வொன்றாக விரித்தாள். விரிக்காவிட்டால் தூளைத் தீவனம் என்று நினைத்துத் தின்றுவிடும், வந்த அன்றைக்குக் குஞ்சுக்கு எது தீனி எது தூசி என்று தெரியாது. தாளில் யாரோ ஒரு மணப்பெண் சிரித்தாள், நகைக்கடை விளம்பரம், கன்னத்தில் ஒரு கை வைத்திருந்தாள். துளசிமணி அந்தத் தாளைத் திருப்பிப் போட்டாள். திருப்பிப் போட்ட பிறகுதான் எதற்குத் திருப்பினோம் என்று தோன்றியது, மறுபடியும் நேராகப் போட்டாள். கன்னம். எதைத் தொட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. குஞ்சு இறங்குகிற நாளில் இந்த ஷெட்டுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. அட்டைப் பெட்டியைப் பிரித்து முதல் குஞ்சை எடுப்பது அவர். எடுத்து அதன் காலிரண்டையும் அவள் இடது கன்னத்தில் வைப்பார். அவள் கைதான் குஞ்சுகளுக்குக் கலக்கிய நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரில் பிசுபிசுத்துக் கிடக்குமே, அதனால் அவள் முகத்தை மட்டும் நீட்டுவாள். குஞ்சின் உடம்புச் சூடு காலில் தெரியும், காலின் சூடு கன்னத்துக்குத் தெரியும். 'குளுருதுங்க' என்றால் பல்பைத் தாழ இறக்குவார், 'சூடுங்க' என்றால் தூக்கிக் கட்டுவார், 'அளவா இருக்குதுங்க' என்றால் மீதிக் குஞ்சுகளை மளமளவென்று இறக்கிவிடுவார். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களுக்கு இதில் பெரிய கேலி. 'நாச்சிமுத்து ஊட்டுல தெர்மாமீட்டருக்குச் சீலை கட்டி உட்டிருக்குது' என்பார்கள். அவருக்குக் கோபம் வராது, பெருமையாக மீசையைத் தடவிக்கொள்வார். அவளுக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும். அவருடைய விரல்முட்டிகள் கன்னத்தில் படுமே, காய்ச்சுப்போன முட்டிகள், பகல் வெளிச்சத்தில் நாலு பேர் முன்னால் ஒரு புருசன் பெண்டாட்டி கன்னத்தைத் தொட இந்த ஊரில் வேறு என்ன சாக்கு இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கை வருமா? காலையிலிருந்து அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான். குஞ்சு நல்லபடியாக வரும், தீவனம் வரும், காற்றும் வரும். கை வருமா?

மக்காச்சோளக் குருணையைத் தாளில் தூவினாள். போன தடவை தூவிய குருணையைக் குஞ்சுகள் தொடவே இல்லை. அப்போதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். தை மாதப் பனி, அவர் முதல் குஞ்சை வைத்தார், அவள் 'குளுருதுங்க' என்றாள். பல்பை இறக்கினார். இன்னொரு குஞ்சை வைத்தார். அதுவும் குளிர்ந்தது, குளிர்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றுமே தெரியவில்லை, சூடு தெரியாவிட்டால் குளிர் என்றுதானே அர்த்தம், அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். இன்னும் பல்பு மாட்டினார். குஞ்சுகள் வெளிச்சத்தை விட்டு விலகித் தகட்டோரமாக ஒண்டின, வாயைப் பிளந்தன, சிறகைத் தொங்கப் போட்டன. கண்ணுக்கு அது தெரியத்தான் தெரிந்தது, சூடு தாங்காத குஞ்சு அப்படித்தான் நிற்கும் என்பது நேற்றுப் பண்ணை வைத்தவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் அவள் கண் சொன்னதைத் தள்ளிவிட்டுக் கன்னம் சொன்னதை நம்பினாள். அவர் அவளை நம்பினார். பயணத்தில் தாகம் எடுத்திருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் தகட்டை ஒட்டிச் சுற்றிலும் செத்துக் கிடந்தன, யாரோ மஞ்சள் துணியைக் கிழித்துப் போட்ட மாதிரி. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கூடையில் அள்ளிக்கொண்டே 'உன்ற கன்னம் ஒருநாளும் பொய் சொன்னதில்லையே புள்ள' என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லி அழுது தீர்த்திருப்பாள். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊற்றின டம்ளரை இடது கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுவரில் வைத்த மாதிரி இருந்தது. வலது கன்னத்தில் வைத்தபோது சுரீர் என்று சுட்டு டம்ளர் கீழே விழுந்தது. தேமல் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்த இடம்தான் அது, ஒரு வெற்றிலை அகலம்.

தண்ணீர் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பங்குனியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மா பஞ்சைத் திரித்துக் கையில் வைத்துக்கொண்டு 'கண்ணை மூடிக்கங்க, நான் தொடற எடத்தை வெரல்ல காட்டுங்க' என்றாள். நெற்றியைத் தொட்டாள், துளசிமணி காட்டினாள். முகவாயைத் தொட்டாள், காட்டினாள். பரீட்சையில் எல்லாம் தெரிந்த பிள்ளை மாதிரி அடுத்ததற்குக் காத்திருந்தாள். காத்திருந்தாள், காத்திருந்தாள், என்ன இந்த அம்மா தொடாமல் நிற்கிறாளே என்று கண்ணைத் திறந்தால் பஞ்சு அவள் இடது கன்னத்தின்மேல்தான் இருந்தது. ஒரு கை உன்னைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, உனக்குத் தெரியவில்லை. தொழுநோய் என்றாள் நர்ஸம்மா, நல்ல மெதுவான குரலில், சளி இருமல் என்கிற மாதிரி. அவள் மனசுக்குள் வந்து விழுந்தது அந்தச் சொல் இல்லை, வேறொரு சொல், ஊரில் சண்டையின்போது வாரி வீசுகிற சொல், அதை அவள் இன்றுவரை உதட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மாத்திரையில் குணமாகும், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் இன்னொருத்தருக்குப் பரவாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று அவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னாள். 'சரிங்க, சரிங்க' என்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். வீட்டுக்கு வரும்போது பைக்கில் இரண்டு பேருக்கும் நடுவில் பையை வைத்தார். பை எப்போதும் முன்னால் மாட்டுவதுதான். அன்றைக்கு நடுவில்.

கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது. மாதம் தவறாமல் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தருகிறார், 'போட்டாச்சா?' என்று வாசலில் நின்று கேட்கிறார், மாத்திரையில் அவள் நிறம் கறுத்துப்போனதைப் பார்த்து அவருடைய அக்கா, அவளுக்கு நங்கையாள், துருவியபோது 'ரத்தம் கொறைவுங்க, அதுக்கு மருந்து' என்று அவரே முந்திக்கொண்டு பொய் சொன்னார். ஆனால் இப்போதெல்லாம் அவர் அவளிடம் எதையும் கொடுப்பதில்லை, வைக்கிறார். பால் டம்ளரைத் திட்டில் வைக்கிறார். சில்லறையை அலமாரியில் வைக்கிறார். பூ வாங்கி வந்தால் சாமி படத்தருகில் வைக்கிறார், சாமிக்கா அவளுக்கா என்று தெரிவதில்லை. வைப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது, அந்த ஒரு முழத்தைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. கேட்டுவிடலாமா என்று எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறாள். என்னவென்று கேட்பது, 'என்னைத் தொடுங்க' என்றா? இந்த வயசில், கோழி ஷெட்டில் நின்றுகொண்டு! அதோடு பயம் அவருக்கு மட்டுமா. அவளே தன் தலையணையைத் தனியாகத் துவைக்கிறாள். மகன் திருப்பூரிலிருந்து வந்தபோது எட்டி நின்றுதான் 'வா சாமி' என்றாள். அவர் ஒரு படி பயந்தால் அவள் இரண்டு படி பயந்து வைத்திருக்கிறாள், இதில் யாரைப் போய்க் குறை சொல்ல. இருந்தாலும் கோபம் வருகிறது. நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கினாள், கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தாள்.

பைக் சத்தம் கேட்டது. வாசலில் கிருமிக்கு வைத்த மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு அவர் உள்ளே வந்தார், பல்புகளை ஒரு பையிலும் வேறெதையோ சட்டைப் பையிலும் வைத்திருந்தார்.

"புள்ள, பேப்பர் விரிச்சாச்சா?"

"ஆச்சுங்க. தண்ணி டப்பா வெச்சா முடிஞ்சுது."

பல்புகளை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் வட்டம் முழுக்க மஞ்சளாயிற்று. அப்புறம் சட்டைப் பையிலிருந்து அந்த மற்றதை எடுத்தார். கண்ணாடியில் சிவப்புக் கோடு ஓடுகிற தெர்மாமீட்டர், பலகையில் பதித்தது.

"குஞ்சு குடுக்கற கம்பெனிக்காரரு சொன்னாரு. எல்லாப் பண்ணையிலயும் மாட்டோணுமாம்."

"மாட்டுங்க."

"உனக்கும் செரமமில்ல பாரு."

"எனக்கென்னங்க செரமம்?"

அவர் கயிற்றில் கோத்துக் கட்டினார், கட்டிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார், அவர் நெஞ்சுயரத்துக்குத் தொங்கியது. "வண்டிக்காரன் பிரிவுல திரும்பத் தெரியாம நேராப் போயிருவான், நான் போயி நின்னுக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். போகும்போது படுதாக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். தலையைத் திருப்பவில்லை.

ஆக இவ்வளவுதான். சீலை கட்டாத தெர்மாமீட்டர் வந்துவிட்டது. துளசிமணி அதை முறைத்துப் பார்த்தாள், சக்களத்தியைப் பார்க்கிற மாதிரி என்று அவளுக்கே தோன்றி ஒரு சிரிப்பும் வந்தது, சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. ஏனென்றால் அப்போதுதான் கவனித்தாள், அது தொங்குகிற இடம் தப்பு. தான் நின்று பார்க்க வசதியாக நெஞ்சுயரத்தில் கட்டியிருக்கிறார், குஞ்சு என்ன நெஞ்சுயரத்திலா நிற்கப்போகிறது? பல்பின் சூடு மேலே ஏறும், கோடும் ஏறும், கீழே ஆடிக் காற்று படுதா அடியில் புகுந்து தாளைத் தடவிக்கொண்டிருக்கும். மண்டி போட்டு உட்கார்ந்து வலது கன்னத்தைத் தாளோடு வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது, மையின் வாசம் அடித்தது. வலது கன்னத்துக்கு ஒரு குறையும் இல்லை, நர்ஸம்மாவே பஞ்சு வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கன்னத்துக்குப் பஞ்சமில்லை, அதற்கு ஒரு குஞ்சை எடுத்து நீட்டுகிற கைக்குத்தான் பஞ்சம். எழுந்து கோட்டைப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றது. பொய். சொல்லாமல் விட்டுவிட்டால்? அவர் கோட்டைப் பார்ப்பார், சரி என்பார், குஞ்சை இறக்குவார். குஞ்சுகள் குளிரில் பல்புக்கடியில் குவியும், கீச்கீச்சென்று கத்தும், அவருக்கு ஒன்றும் புரியாது. அப்போது வரட்டும். அப்போது வந்து நிற்பார் ஒரு குஞ்சோடு, 'பாரு புள்ள' என்று. அவள் கைகட்டிக்கொண்டு நிற்கலாம், வாங்கின கண்ணாடியைக் கேளுங்க என்று சொல்லலாம். நினைக்க எவ்வளவு தித்திப்பாக இருந்தது! தித்திப்போடு சேர்ந்தே கூடையில் கிடந்த மஞ்சள் குவியலும் கண்ணில் வந்தது, அதில் ஒன்று கூடைக்குள் போன பிறகும் காலை உதைத்ததும் வந்தது. தெரியாமல் கொன்றது ஒரு தடவை. தெரிந்தே ஒரு தடவையா, ஒரு ஆம்பிளை கை வந்து தொட வேண்டும் என்பதற்காக? சீ. குஞ்சு என்ன பாவம் செய்தது, முட்டையை உடைத்துக்கொண்டு வந்து ஒரு பகல்தான் ஆகிறது, அம்மா எது என்றுகூடத் தெரியாது, பல்பைத்தான் அம்மா என்று நினைக்கப்போகிறது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். தாளுக்கு மேலே நாலு விரல் இருக்கும்படி, குஞ்சின் முதுகு வருகிற உயரத்துக்குத் தெர்மாமீட்டரை இறக்கிக் கட்டினாள். கோடு மளமளவென்று கீழே வந்தது. பல்புகளையும் ஒவ்வொன்றாகத் தாழ்த்தினாள், படுதா அடியில் சாக்கை மடித்துத் திணித்தாள். கோடு மெல்ல ஏறி வர வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. இனி யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். தன் வேலையைத் தானே பிடுங்கி அதனிடம் கொடுத்தாயிற்று. டப்பாக்களில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்து வைத்தாள், கை பிசுபிசுத்தது, வழக்கம்போல.

வண்டி வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. டிரைவர் பெட்டிகளை இறக்கி வாசலில் அடுக்கினான், பெட்டிகளுக்குள்ளிருந்து கீச்சென்ற இரைச்சல் ஷெட் முழுக்க நிறைந்தது. அவள் வட்டத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டாள், எதிர்பார்த்து நிற்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாச்சிமுத்து முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெர்மாமீட்டரைத் தேடினார், நெஞ்சுயரத்தில் காணாமல் முழித்தார், குனிந்து பார்த்தார். கீழே இருக்கும் அதையும், தாழ்ந்திருக்கும் பல்புகளையும், கடைசியாக அவளையும் பார்த்தார்.

"நீ எறக்கிக் கட்டுனியா?"

"குஞ்சு நிக்கற ஒசரத்துலதானுங்க கட்டோணும்."

மறுபடியும் குனிந்து கோட்டைப் படித்தார். "செரியாத்தான் இருக்குது" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. சரியாகத்தான் இருக்கிறது, பிறகென்ன, இறக்க வேண்டியதுதானே. அவள் தகட்டின் விளிம்பில் இல்லாத தூசியைத் துடைத்தாள். பெட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. இனி கொத்துக் கொத்தாக அள்ளி விடுவார், அவள் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து விட வேண்டும், அதில் பொழுது போய்விடும், இருட்டிவிடும், அவர் தீவன அறைக்குப் போய்விடுவார், இந்தத் தடவை நிஜமாகவே காவலுக்கு. அழக் கூடாது என்று நினைத்தாள். சர்க்கரைத் தண்ணீர்க் கையோடு கண்ணைக்கூடத் துடைக்க முடியாது.

பெட்டியின் இரைச்சல் வேறு பக்கமிருந்து கேட்ட மாதிரி இருந்தது. காலடியில் மஞ்சித் தூள் நசுங்கியது. அவர் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து நின்றார், மூச்சு வாங்குவது கேட்டது, பீடி வாடையும் வேர்வை வாடையும் இத்தனை கிட்டத்தில் வந்து எவ்வளவு நாளாயிற்று. அவள் நேராகவே பார்த்துக்கொண்டு முகத்தை நீட்டினாள், அது பழக்கத்தில் தானாக நீண்டது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவருக்குக் கடைசி நேரத்தில் மனசு வரவில்லைபோல, போகட்டும், இவ்வளவு தூரம் வந்தாரே. இன்னும் காத்திருந்தாள். பொறுக்கமாட்டாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினாள். இடது கண்ணோரத்தில் ஒரு மஞ்சள் ரோமம் நடுங்கியது. அதற்குக் கீழே அவர் கை, நகம் கறுத்த அந்தக் கட்டைவிரல், காய்ச்சுப்போன முட்டிகள், எல்லாமே அவள் கன்னத்தில்தான் இருந்தன. பட்டும் படாமலும் இல்லை, நன்றாக அழுத்தி வைத்திருந்தார், எந்த இடத்துக்குப் பயந்து இத்தனை மாதம் எட்ட நின்றாரோ அதே இடத்தில். எப்போது வைத்தார்? எவ்வளவு நேரமாக வைத்திருக்கிறார்? வந்துவிட்டது, வந்து தொட்டுக்கொண்டிருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்ததும் அந்தக் கன்னத்தில் தெரியவில்லை, உதட்டோரம் கரித்தபோதுதான் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். கையை எடுக்கவில்லை.

"எப்பிடி புள்ள," என்றார், "குளுருதா?"

கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. தெரியாவிட்டால் என்ன, பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பெட்டியில் மற்றக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"அந்தக் கன்னம் இல்லீங்க," என்றாள். "இந்தக் கன்னம்."

அவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது, குஞ்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி வலது பக்கமாக வந்தார். முதலில் இரண்டு சின்னக் கால்கள் பட்டன, ஈரக் குச்சி மாதிரி. பிறகு முட்டிகள் பட்டன, சொரசொரப்பாக, கதகதப்பாக.

"கால் சில்லுனு இருக்குதுங்க," என்றாள் துளசிமணி. "வண்டியில காத்து பட்டிருக்குது. சீக்கிரம் எறக்குங்க."